கைப்பிடிக்குப் பக்கத்தில் போட்ட குறி

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கு மனசு வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். பெங்களூர் கண்காட்சிக்குப் பெட்டி கட்டுகிற படத்தை நேற்று மாலை இணையத்தில் உன் பக்கத்தில் போட்டிருந்தாய், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. நலமில்லாதவர் பூந்தமல்லியில் இருக்கிறார். ஜரீனா என்று பெயர். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவர். இடது உள்ளங்கையில் கட்டு, தொடையில் கொப்புளம். நீ செய்த கப்பில் டீ குடித்ததைத் தவிர அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. உனக்கு அவரைத் தெரியும். அவர் மகள் எழுதியதை நீ படித்தாய், பதில் எழுதினாய், மறுநாள் அழித்தாய். அந்த மூன்றையும் நான் பார்த்தேன். உன் பக்கத்தை நான் பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். தினமும் இரண்டு தடவை பார்க்கிறேன், காலையில் காப்பி குடிக்கும்போது ஒன்று, மத்தியானம் ஒன்று.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நீ எடுக்கவில்லை என்பது வேறு விஷயம். எடுத்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நீ அழித்தது நாலு பேர் படிக்கிற இடத்தில் இருந்தது, அதனால் இதுவும் நாலு பேர் படிக்கிற இடத்தில்தான் வர வேண்டும். ஜரீனாவிடம் கேட்டுக்கொண்டுதான் அவர் பெயரைப் போடுகிறேன். என் கையெழுத்தில் ஒரு பிரதியைத் திருமழிசையில் உன் ஷெட் கதவு இடுக்கில் சொருகி வைத்திருக்கிறேன். அதை நீ அழித்துக்கொள்ளலாம். இதை முடியாது.

முதலில் என் பக்கத்துத் தப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பாதியிலேயே 'அம்மா ஆரம்பிச்சிட்டா' என்று மூடி வைத்துவிடுவாய். செல்போனில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று வரைகிற வேலையில் நீ ஏழு வருஷம் இருந்தாய். எனக்கு அது புரியாவிட்டாலும் கழுத்தில் அட்டை தொங்கியது புரிந்தது. ஒரு நாள் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை மண்ணை ஸ்கூட்டரில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து குளியலறையில் கரைத்தாய். சாக்கடை அடைத்துக்கொண்டது. உன் அப்பா குச்சியை விட்டுக் குத்திக்கொண்டிருக்க, நீ இடுப்பில் துண்டோடு நின்று, வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்னாய். ஏழு வருஷமாக யாராலும் தொட முடியாத பொருளாகவே வரைந்துகொண்டிருக்கிறேன், இனிமேல் கையில் பிடிக்கிற பொருளைச் செய்யப்போகிறேன் என்றாய். நான் கேட்டது ஒரே கேள்வி, வெளியில் என்ன சொல்வது என்று. ஒரு தாய் கேட்க வேண்டிய கேள்வியா அது? அப்போது எனக்கு அதுதான் பெரிய கேள்வியாக இருந்தது.

அதன் பிறகு நான் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. குவார்ட்டர்ஸ் காலத்துத் தோழிகள் கேட்டால் பையன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான் என்றேன். பட்டாபிராமில் நம் பழைய பக்கத்து வீட்டுக்காரர் புதுமனை புகுவிழாவில், நீ எனக்குப் பின்னால் இலையில் உட்கார்ந்திருப்பது தெரியாமல், வெளிநாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வரைந்து கொடுக்கிறான் என்று அடித்துவிட்டேன். நீ பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாய். எட்டு மாதம் பேசவில்லை. உன் வேலையை மறைத்தவள் நான். பிடிக்காததைத் துடைத்துவிட்டு முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொள்கிற வித்தையை நீ வேறெங்கும் போய்க் கற்றுக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது. வேறு எவனாவது செய்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

உனக்கு விஷக்காய்ச்சல் வந்தபோதுதான் நாம் மறுபடி பேசினோம். ரசஞ்சாதத்தைத் தூக்கில் எடுத்துக்கொண்டு திருமழிசைக்கு வந்தேன். மண் மூட்டை வண்டி வருகிறது, இறக்கும்போது யாராவது ஷெட்டில் இருக்க வேண்டும், நீ போய் உட்காரும்மா என்றாய். வண்டி மூன்று மணி நேரம் வரவில்லை. எனக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பெல்ட் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் எக்ஸாமினராக இருந்தவள் நான். மின்கம்பத்தில் ஏறுகிறவர்களும், கட்டடத்துச் சாரத்தில் நிற்கிறவர்களும் இடுப்பில் மாட்டிக்கொள்கிற பெல்ட். தைத்து வருவதைக் கையால் இழுத்து, விரலால் தடவி, தையல் தையலாகப் பார்ப்பது என் வேலை. எதிரே உன் அலமாரியில் முதல் தடவை சுட்டு எடுத்த கப்புகள், பளபளப்புப் பூசாமல், வெளுத்த செங்கல் நிறத்தில் வரிசையாக நிற்கின்றன. என்னால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? எடுத்துப் பார்த்தேன். விளிம்பைத் தடவினேன், மேசையில் வைத்து ஆடுகிறதா பார்த்தேன், காதருகே வைத்துச் சுண்டினேன். எனக்குப் பிடிக்காதவற்றில் உன் டப்பாவிலிருந்த பென்சிலால் பெருக்கல் குறி போட்டேன். நாற்பத்தொரு குறி. அது சாதாரணப் பென்சில் இல்லை, மண்பாத்திரத்தில் எழுதுவதற்கென்றே உள்ளது, நெருப்பில் போட்டாலும் போகாது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

நீ தேறி வந்து பார்த்துவிட்டு முதலில் கத்தினாய். அப்புறம் சிரித்தாய். அப்புறம் உன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்த்திருந்தால் குறி போயிருக்கும். நீ தேய்க்கவில்லை. என் பெருக்கலுக்கு மேலேயே கண்ணாடி மாதிரி பளபளப்பைப் பூசி மறுபடி சுட்டாய். 'அம்மா கழித்தவை' என்று பெயர் வைத்தாய். இருபத்தெட்டு வருஷம் குறை கண்டுபிடித்தே வாழ்ந்த என் தாயின் கண்ணுக்கு என் வாழ்க்கையும் தேறவில்லை, இதோ அவர் போட்ட குறிகள் என்று எழுதினாய். ஊரே உச்சுக்கொட்டியது. நீ எடுத்து வைத்துக்கொண்டது போக மீதி எல்லாம் இரண்டே நாளில் போய்விட்டன. ஒரு காப்பிக்கடைக்காரர் இன்னும் இருநூறு கேட்டார். அதற்கு நீயே பெருக்கல் போட ஆரம்பித்தாய், எல்லாக் கப்பிலும் நட்டநடுவில், பொட்டு வைப்பதைப் போல.

உனக்குத் தெரியாது என்பதால் இதைச் சொல்கிறேன். தெரிந்துகொள்ள நீ கேட்கவும் இல்லை. எங்கள் கம்பெனியில் எக்ஸாமினர் சாக்கட்டியில் போடுகிற குறிக்கு இடம் உண்டு. எங்கே குறையோ அதன் மேலேயே, இல்லாவிட்டால் ஒட்டினாற்போலக் குறி விழ வேண்டும். பெருக்கல் போட்டால் கழிவு, கத்திரியில் வெட்டிப் போட்டுவிடுவார்கள், கேட்டைத் தாண்டாது. வட்டம் போட்டால் திருத்தம். யார் தைத்தாரோ அவரிடமே திரும்பப் போகும். அவரே பிரித்து, அவரே மறுபடி தைக்க வேண்டும், வேறு கை தொடக்கூடாது. அந்தப் பழக்கத்தில்தான் உன் கப்புகளுக்கும் குறி போட்டேன். முப்பது குறி விளிம்பிலும் வயிற்றிலும் இருந்தன. அவை எல்லாம் கோணல், ஆட்டம், ஒரு பக்கம் தடிப்பு. பதினொரு குறி கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்தன. அந்தப் பதினொன்றையும் சுண்டியபோது 'டொக்' என்று செத்த சத்தம் வந்தது. கைப்பிடி ஒட்டிய இடத்தில் மயிரிழை மாதிரி விரிசல். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன், எனக்குத் தெரிந்தது. நீ அதன் மேல் பளபளப்பைப் பூசியதும் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

அந்த முப்பது குறிக்கும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், எல்லார் முன்னாலும். நீ எனக்கென்று கொடுத்த கோணல் கப்பில்தான் இப்போது தினமும் காப்பி குடிக்கிறேன். உன் கட்டைவிரல் அமுங்கிய பள்ளத்தில் என் கட்டைவிரல் போய் உட்கார்ந்துகொள்கிறது. அச்சில் வார்த்த எந்தக் கப்பும் எனக்கு அப்படி இடம் விட்டு வைத்ததில்லை. கோணல் வேறு, குறை வேறு என்பதை அறுபத்திரண்டு வயதில் உன்னால்தான் கற்றுக்கொண்டேன். அது உன் வித்தை, அதை நான் இனி யாரிடமும் மறைக்க மாட்டேன். ஆனால் பதினொன்றுக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். விரிசலுக்கும் கோணலுக்கும் வித்தியாசம் தெரியாதவன் கையால் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. கையால் செய்வது என்றால் கையால் பார்ப்பதும்தான். இயந்திரம் செய்தால் இயந்திரத்தின் மேல் பழி போடலாம். உனக்கு அந்த வசதி கிடையாது.

ஜரீனாவின் பிறந்தநாளுக்கு அவர் மகள் தன் முதல் சம்பளத்தில் உன் கப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அவள்தான் உன் பக்கத்தில் கட்டுப் போட்ட கையின் படத்தைப் போட்டு, கைப்பிடி கழன்றுவிட்டது என்று எழுதினாள். ஒரு வசவு இல்லை அதில். நீ என்ன எழுதினாய்? கையால் செய்த ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு, வருந்துகிறேன், வேறு கப் அனுப்பி வைக்கிறேன். கீழே கும்பிடுகிற கை பொம்மை ஒன்று. வெந்துபோன கைக்குக் கும்பிடுகிற கை. மறுநாள் பார்த்தால் அவள் எழுதியதும் இல்லை, நீ எழுதியதும் இல்லை. அந்த இடத்தில் காப்பிக்கடைக் கப்புகள் வெயிலில் காய்கிற படம். போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி வழிந்தது. உன் அப்பா வந்து அடுப்பை அணைத்துவிட்டு, என்ன ஆச்சு என்றார். உங்கள் பிள்ளை ஒரு ஆளையே அழித்துவிட்டான் என்றேன்.

பார்சல் முகவரி எல்லாம் என் கையெழுத்தில்தான் போனது என்பதை நீ மறந்திருப்பாய். கையெழுத்து அழகாக இருக்கிறது, அதுவும் சேர்த்துப் போகட்டும் என்று நீதான் எழுதச் சொன்னாய். எழுதியதற்கெல்லாம் நோட்டில் ஒரு நகல் எடுத்து வைத்தேன், கம்பெனிப் பழக்கம். எந்தக் கப் யாருக்கு, குறி எந்த இடத்தில் என்பதுகூட அதில் இருக்கிறது. மறுநாளே ஆவடியில் பஸ் ஏறிப் பூந்தமல்லியில் இறங்கி, இரண்டு தெரு விசாரித்துப் போய்விட்டேன். மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை, ஒரு தையல் மிஷின், ஆணியில் வரிசையாகத் தொங்குகிற அளவு ஜாக்கெட்டுகள், எல்லாவற்றிலும் தேதி எழுதிய சீட்டு. தேதி எல்லாம் தாண்டிப் போயிருந்தது. பக்கத்துக் கல்யாண வீட்டுக்காரர்கள் அப்போதுதான் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள், என் கண் முன்னாலேயே. நான் யார் என்று சொன்னதும் அவர் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். நாற்காலி போட்டது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

எப்படி ஆனது என்று கேட்டேன். "புடி மட்டும் வலது கைல நின்னுகிச்சு மா, கப்பு கயண்டு கீழ போவுது. ஐயோ, எம்பொண்ணு ஆசையா வாங்கினு வந்தது ஒடஞ்சிருமேன்னு இந்தக் கையக் குடுத்துட்டேன். புடிச்சிட்டேன் மா. கப்பு ஒடையல." சொல்லிவிட்டு அலமாரியைக் காட்டினார். கைப்பிடி போன கப் அங்கே இருந்தது, கழன்ற துண்டு அதற்குள்ளேயே. என் பெருக்கலில் ஒரு கால் கப்பிலும் ஒரு கால் துண்டிலுமாகப் பிரிந்து கிடந்தது. தம்பி, உன் கப் உடையக்கூடாது என்றுதான் அவர் கை வெந்தது. இதை நீ இரண்டு தடவை படி.

இடது கையால் துணியைத் தள்ளிக்கொடுக்காமல் மிஷினில் தைக்க முடியாது. அதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவரும் பெரிதாகச் சொல்லவில்லை. நீ எழுதியதை அழித்தது மட்டும்தான் அவருக்குப் பிடிபடவில்லை. "இன்னாத்துக்கு மா அழிச்சாரு? நாங்க இன்னா துட்டா கேட்டோம்? எம்பொண்ணு ரெண்டு நாளா அதையே சொல்லிகினு கீறா." அப்புறம் கப்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். "இந்தப் பெருக்கலு நீங்க போட்டதா மா? அப்போ இது ஒடையும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. வேலைக்குப் போன முதல் நாளிலிருந்து, குறை தெரியுமா தெரியாதா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் நின்றதில்லை. அன்றைக்கு நின்றேன். ஏனென்றால் எனக்குத் தெரியும். அந்தக் கப்பைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, மேலே அவர் மகள் பெயரை என் அழகான கையெழுத்தில் எழுதியவள் நான்தான். சுற்றும்போது கைப்பிடிக்குப் பக்கத்தில் என் குறியைப் பார்த்தேன். ஒரு தடவை வாயைத் திறந்தேன், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பிடிகிட்ட குறி இருக்கிறதை அனுப்பாதேடா என்றேன். நீ டேப்பை ஒட்டிக்கொண்டே, "அம்மா, நீ கழிச்சதுதான்மா மொதல்ல வித்துச்சு" என்று சிரித்தாய். அதோடு நானும் விட்டுவிட்டேன். எட்டு மாதம் பேசாத பிள்ளை பேசுகிறான், மறுபடி குறை சொல்லி அவனைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பதினொன்றில் ஒன்பதை என் கையாலேயே கேட்டைத் தாண்டி அனுப்பினேன். உன் மேல் இருக்கிற கோபம் பாதிதான். மீதிப் பாதியை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியாமல் பாத்திரங்களை உடைக்கிற மாதிரி கழுவிக்கொண்டிருக்கிறேன்.

இது எனக்கு இரண்டாவது தடவை. முதல் தடவையை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஓவியப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாய். ஆண்டு விழா சாயங்காலம் ஐந்து மணிக்கு. அதற்கு முன்னால் எந்த விழாவுக்கும் நான் வந்ததில்லை. அம்மா வந்தால்தான் மேடை ஏறுவேன் என்று காலையில் அழுதுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாய். அன்று மாதக் கடைசி, வெளியே லாரி நிற்கிறது, என் மேசையில் முப்பது பெல்ட் கட்டு. எட்டாவது பெல்ட்டை இழுத்துப் பார்க்கும்போது தையல் தளர்ந்திருந்தது. ஒரு மிஷினில் நூல் இறுக்கம் குறைந்துவிட்டது என்று உடனே தெரிந்தது. அதைக் கழித்தேன். மீதி இருபத்திரண்டையும் அப்படியே இழுத்துப் பார்க்க வேண்டும், அதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும். மணி நாலே கால். சூப்பர்வைசர் வந்து, மீதி நல்லாத்தான்மா இருக்கும் என்றார். அவர் சொன்னதற்காக நான் செய்யவில்லை. எனக்குப் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. இருபத்திரண்டிலும் என் நம்பர் முத்திரையைக் குத்திவிட்டு ஓடி வந்தேன்.

கூடத்தில் மாட்டியிருக்கிற போட்டோ அன்றைக்கு எடுத்தது. நீ கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாய், பக்கத்தில் நான் சிரிக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் நீ அதைக் காட்டுவாய், அம்மா வந்த ஒரே ஆண்டு விழா என்று. நான் அந்தப் பக்கம் திரும்பாமல் உள்ளே போய்விடுவேன். கம்பத்திலிருந்து விழுந்தார், சாரத்திலிருந்து விழுந்தார் என்று பேப்பரில் வந்தால் இன்றைக்கும் இரண்டு தடவை படிக்கிறேன், ஊர் பெயரைப் பார்க்கிறேன், பெல்ட் போட்டிருந்தாரா என்று தேடுகிறேன். அந்த இருபத்திரண்டில் எத்தனை நன்றாக இருந்தன, எத்தனை தளர்ந்திருந்தன, யார் இடுப்பில் போய்ச் சேர்ந்தன, எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. எவனும் எனக்குப் படம் எடுத்து அனுப்பவில்லை. ஒரு கடிதம் வந்திருந்தால், ஒரு முகவரி கிடைத்திருந்தால், அது எந்த ஊராக இருந்தாலும் போயிருப்பேன். உனக்குக் கடிதம் வந்தது. படத்தோடு வந்தது. பஸ்ஸில் கால் மணி நேர தூரத்திலிருந்து வந்தது. அதை விரலால் தள்ளி அழித்துவிட்டாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இந்த ஒரு வாரத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன். நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஐயப்பன்தாங்கலில் இரண்டு வீடு, ஆவடியில் ஒன்று, திருவேற்காட்டில் ஒன்று. அவர்கள் முன்னாலேயே சுண்டிக் காட்டினேன், நல்ல கப் ஒன்றையும் கூட வைத்துச் சுண்டினேன், சத்தத்திலேயே புரிந்துகொண்டு கொடுத்துவிட்டார்கள். அம்பத்தூரில் ஒரு பையன் மட்டும் தர மாட்டேன் என்றுவிட்டான். அது கலைப்பொருளாம், பேனா போட்டு வைத்திருக்கிறானாம். பேனா சுடாது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நீங்கள்தான் அந்த அம்மாவா என்று என்னோடு நின்று ஒரு படம் வேறு எடுத்துக்கொண்டான். மூன்று கப் வெளியூரில் இருக்கின்றன. அந்த மூன்று வீட்டுக்கும் நீ பேச வேண்டும், நான் பேச மாட்டேன். மீதி இரண்டு எங்கே இருக்கின்றன தெரியுமா? நேற்று நீ சிரித்துக்கொண்டு கட்டினாயே, அந்தப் பெட்டியில். முதல் சுடுதலின் ஞாபகமாக வைத்திருக்கிறேன் என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தாய். பெரிதாக்கிப் பார்த்தேன், இரண்டிலும் குறி கைப்பிடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இதைப் படிக்கிற யாரிடமாவது அப்படி ஒரு கப் இருந்தால் அதில் சூடாக எதையும் ஊற்ற வேண்டாம். நடுவில் பெருக்கல் இருந்தால் பயமில்லை, அது என் மகன் போட்டது, அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

கண்காட்சியில் என்னை மேடையில் உட்காரவைத்து, வருகிறவர்கள் முன்னால் கப்புக்குக் குறி போடச் சொல்லலாம் என்று உனக்கு ஒரு யோசனை இருப்பதாக உன் அப்பா சொன்னார். நான் வர மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட்டுக்கு வருகிறேன். அங்கே படம் எடுக்க யாரும் இருக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்ப்பேன். கோணலைத் தொட மாட்டேன், அதற்கு நீதான் முதலாளி. செத்த சத்தம் வந்தால் பெருக்கல் போடுவேன், நீ அதைக் கேட்டுக்கு உள்ளேயே உடைக்க வேண்டும், என் கண் முன்னால். இதற்குச் சம்மதம் இல்லை என்றால் என் குறியை இனி எந்தக் கப்பிலும் போடாதே. நீ நல்ல கைக்காரன். உன் கப்புக்கு உன் பெயர் போதும்.

சனிக்கிழமை காலை நீ பெங்களூருக்குக் கிளம்புகிறாய். அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை என்று ஒரு நாள் இருக்கிறது. சுட்ட மண்ணைத் திரும்பப் பிசைய முடியாது என்று நீயே எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். வெந்த கையும் அப்படித்தான். ஆனால் பிரித்துத் தைக்க முடிந்தது இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அதற்கு வேறு கை ஆகாது. கதவிடுக்கில் சொருகிய பிரதியைப் பார். மேலே தம்பி என்று எழுதியதை ஒட்டி உன் பென்சிலாலேயே ஒரு குறி போட்டிருக்கிறேன். பெருக்கல் போடத்தான் எடுத்தேன். வட்டம்தான் போட்டேன். கீழே என் கையெழுத்தை ஒட்டியும் ஒன்று இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் நிற்பேன். மாற்றுக் கப் எதையும் எடுத்துக்கொண்டு வராதே. ஜரீனாவின் முன்னால் உட்கார். ஏன் அழித்தாய் என்று அவர் மகள் கேட்பாள், அதற்குப் பதில் சொல். அவர் டீ போட்டுக் கொடுப்பார், ஒரு கையாலேயே போடுவார். எவர்சில்வர் டம்ளரில்தான் கொடுப்பார். வாங்கிக் குடி.

அம்மா